கிளாரினெட்காரர் பேரு

பேரு எதுக்குங்க மேடம்? அழைப்புப் பத்திரிகையில ‘இன்னிசை’ன்னு ஒரு வார்த்தை போட்டுக்குங்க, போதும். யாரு வாசிக்கறாங்க, எந்த ஊரு, யாரு வீட்டுப் பொண்ணு, அதெல்லாம் எதுக்கு? சாப்பிட வர்றவங்க சாப்பிட்டுட்டுப் போகப் போறாங்க.

உக்காருங்க. டைரக்டர் அம்மா வரப் பதினொண்ணு ஆகும். அந்த நாற்காலி இல்லீங்க, அது மியூசியத்துது, உக்காரக் கூடாது. இந்தப் பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டுக்குங்க. ஃபேன் போடட்டுங்களா?

நான் என்னமோ முரண்டு பண்றேன்னு நெனைச்சுக்காதீங்க. உங்க கம்பெனி, உங்க பத்திரிகை. எதை வேணா போட்டுக்கலாம். முன்னெல்லாம் பேரு போடுங்கன்னு நானே சொல்றவன்தான். மைக்கைப் புடிச்சு நானே பேரு சொல்லியிருக்கேன். சொல்லிப் பட்டது போதுமுங்க. போன வருசம் நடந்ததைச் சொன்னா உங்களுக்கே புரியும். நேரமும் போகணுமில்லீங்களா.

எம்பேரு குழந்தைவேலு. பதினாலு வருசமா இங்க ஃபங்ஷன் பொறுப்பு என்னுதுதான். இது ஒரு மில் முதலாளியோட பங்களாவா இருந்துச்சு. வாரிசுங்க மியூசியம் ஆக்கிட்டாங்க. உள்ள கல்சிலை, பல்லக்கு, பழைய கடிகாரம், பீங்கான் சாமான் எல்லாம் இருக்குது. டிக்கெட் வாங்கிப் பார்க்க வர்ற சனம் கம்மிங்க. உங்கள மாதிரிக் கம்பெனிக்காரங்க இந்த நடு முற்றத்தை ஃபங்ஷனுக்கு எடுக்கறதுலதான் எங்க பொழப்பு ஓடுது. டீலர் மீட்டிங்கு, அவார்டு, வெளிநாட்டுக்காரன் வந்தா அவனுக்கு ஒரு லஞ்சு.

இங்க பெரிய ஸ்பீக்கர் வைக்க முடியாதுங்க. கண்ணாடி அலமாரி அதிரும். ஒருக்கா ஒரு கம்பெனிக்காரங்க டிரம்ஸ் கொண்டு வந்து அடிச்சதுல, பீங்கான் ஜாடி ஒண்ணு அலமாரிக்குள்ளயே ஒரு விரக்கடை நகர்ந்து போச்சு. டைரக்டர் அம்மா ஒரு வாரம் எங்கூடப் பேசலை. அதனால ஒருத்தரோ ரெண்டு பேரோ உக்காந்து மெதுவா வாசிக்கற மாதிரிதான் புடிச்சுட்டு வருவோம். கம்பெனிக்காரங்க கேக்கறதும் அதேதானுங்க. “சார், பின்னால ஏதோ ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கணும், ஆனா பேசறதுக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாது.” பதினாலு வருசமா இதே பேச்சு. நீங்களும் இப்ப அதைத்தான் சொன்னீங்க. தப்பில்லீங்க. கேட்டுக் கேட்டு எனக்குத்தான் ஓய்ஞ்சு போச்சு.

எனக்கு மியூசிக் தெரியாதுங்க. அதை மொதல்லயே சொல்லிடறேன். சத்தம் ஏறுதா எறங்குதா, அதைப் பார்க்கறதுதான் என் வேலை. ஏறுச்சுன்னா தூண்கிட்ட நின்னு கையை இப்படி அமத்திக் காட்டுவேன். அவங்க கொறைச்சுக்குவாங்க.

மூணு வருசத்துக்கு முன்னால ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு வந்துச்சு. உங்க வயசுதான் இருக்கும். ஒரு பம்பு கம்பெனியில அட்மின். கம்பெனி பேரு வேண்டாமுங்க, அவங்க இன்னும் நமக்குப் பார்ட்டிதான். வந்து முற்றத்தைப் பார்த்துச்சு, எத்தனை சேர் போடலாம்னு கேட்டுச்சு, எழுதிக்குச்சு. எல்லாம் முடிஞ்சு கெளம்பறப்ப வாசல்ல நின்னு, “சார், ஒரு விசயம். கம்பெனி விசயமில்லை”ன்னுச்சு.

அதோட அப்பா சவரிமுத்து. போலீஸ் பேண்டுல முப்பத்தொரு வருசம் கிளாரினெட் வாசிச்சவரு. ரிட்டையர் ஆகி அப்ப ஒரு ரெண்டு வருசம் இருக்கும். ரிட்டையர் ஆன ஆறாம் மாசமே அந்தப் பொண்ணோட அம்மா தவறிட்டாங்க. வீட்ல அப்பாவும் பொண்ணும் மட்டும்தான்.

“காலையில குளிக்கறாரு, ஷூவுக்குப் பாலிஷ் போடறாரு. அப்புறம் அந்தப் பெட்டியைத் தெறந்து கிளாரினெட்டை எடுத்துத் தொடைக்கறாரு, மறுபடி உள்ள வச்சு மூடிடறாரு சார். வாசிக்கறதே இல்லை. ஏம்ப்பான்னா, யாருக்கு வாசிக்கறதுங்கறாரு.”

“கூட்டிட்டு வா அம்மணி, பார்ப்போம்”னேன்.

“நான் கூட்டிட்டு வந்தா வரமாட்டாரு. நீங்களாக் கூப்பிடணும். நான் சொன்னேன்னு தெரியவே கூடாது சார்.”

அதென்ன அப்படின்னு கேட்டதுக்கு ஒண்ணு சொல்லுச்சு. இந்தப் பொண்ணை ஸ்கூல்ல சேர்க்கப் போனப்ப, கூட வேலை செய்யறவங்க எல்லாம், யூனிஃபார்மோட போ, சீட்டு உடனே குடுத்துருவாங்கன்னாங்களாம். இவரு யூனிஃபார்மைக் கழட்டி வச்சுட்டு வேட்டி சட்டையில போயி, விடிகாலை நாலு மணியிலிருந்து வரிசையில நின்னு சேர்த்தாராம். அந்த மாதிரி ஆளு. ஒருத்தர் சொல்லி ஒருத்தர் செஞ்சாங்கன்னா அவருக்கு அது ஒட்டாது.

நான் என்ன பண்றது. ஒரு நல்ல காரியம்தானேன்னு போன் பண்ணினேன். “சவரிமுத்துங்களா? மியூசியத்துலருந்து பேசறேனுங்க. சுதந்திர தினப் பரேடுல உங்க வாசிப்பைக் கேட்டிருக்கேன், ரொம்ப நாளா நம்பர் தேடிட்டிருந்தேன்”னேன். பரேடுக்கு நான் என்னைக்குங்க போனேன்?  அந்த மனுசன், “அங்க நாங்க பதினாறு பேரு வாசிப்போம் சார். அதுல என்னைத் தனியாக் கேட்டீங்களா?”ன்னாரு. கேட்டேனுங்கன்னேன். வேற என்ன சொல்றது.

வந்தாருங்க. பதினொரு மணி ஃபங்ஷனுக்கு ஒம்பதுக்கே வந்துருவாரு. வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட்டு, அந்த ஷூவுல மொகம் பார்க்கலாம். அந்த மூணாவது தூணுக்குக் கீழ ஒரு ஸ்டூல் போட்டுக் குடுப்பேன். கிளாரினெட்டு அஞ்சு துண்டா இருக்குமுங்க, ஒவ்வொண்ணாப் பூட்டுவாரு. வாசிச்சுட்டிருக்கறப்ப சீஃப் கெஸ்டு குறுக்க நடந்தா எந்திரிச்சு நின்னுக்கிட்டே வாசிப்பாரு. அதெல்லாம் வேண்டாமுங்ணா, உக்காந்து வாசிங்கன்னா கேக்க மாட்டாரு. பழக்கம். நான் கையை அமத்திக் காட்டினா மட்டும் உடனே கொறைச்சுக்குவாரு. தொந்தரவில்லாத ஆளுங்க. இந்தப் பதினாலு வருசத்துல அவ்வளவு தொந்தரவில்லாத ஆளை நான் பார்த்ததில்லை.

ஒண்ணே ஒண்ணுதான். ஃபங்ஷன் முடிஞ்சதும் பெட்டியைத் தூக்கிட்டு என் ரூமுக்கு வருவாரு. “என்ன சார் சொன்னாங்க?” அப்படீம்பாரு. ஒவ்வொரு தடவையும்.

யாருங்க என்ன சொல்லப் போறாங்க? கை கழுவறது எங்கன்னு கேப்பாங்க. கார் எடுக்கச் சொல்லுன்னு சொல்வாங்க. நான், “ரொம்ப நல்லா இருந்துச்சுன்னாங்க, அடுத்த தடவையும் இவரையே கூப்பிடுங்கன்னாங்க”ன்னு சொல்வேன். அவரு தலையாட்டிக் கேட்டுக்குவாரு. ஒருக்கா, “எந்தப் பாட்டு நல்லா இருந்துச்சுன்னாங்க?”ன்னு கேட்டுட்டாரு. “ரெண்டாவது வாசிச்சீங்கல்ல, அது”ன்னேன். அடுத்த ஃபங்ஷன்ல அதைக் கொஞ்சம் நீட்டி வாசிச்சாருன்னு நெனைக்கறேன். எனக்கு எங்க தெரியுது.

கம்பெனிங்க அவரைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. எப்படீன்னா, இந்த ஊர்ல கம்பெனி அட்மின்காரங்களுக்குன்னு வாட்ஸ்அப்புல ஒரு குரூப்பு இருக்குதுங்க. நீங்களும் அதுல இருப்பீங்க. ஜெசிந்தா அதுல யாராவது மியூசியத்துல ஃபங்ஷன் வைக்கறாங்கன்னு தெரிஞ்சா, தனியா ஒரு போன் போட்டு, அங்க கிளாரினெட் நல்லா இருக்கும், கேளுங்கன்னு சொல்லிரும். அப்பாங்கறதைச் சொல்லாது. அவங்க எங்கிட்ட, சார், கிளாரினெட் ஒருத்தர் இருக்காராமேம்பாங்க. நான் சவரிமுத்துக்குப் போன் போட்டு, இன்ன கம்பெனியில உங்களை விரும்பிக் கேக்கறாங்கன்னு சொல்வேன். இப்படியே ரெண்டு வருசத்துல பதினொரு ஃபங்ஷன். அவரு வீட்ல தினம் வாசிக்க ஆரம்பிச்சுட்டாருன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. “அக்கம்பக்கத்துல எல்லாம் சத்தம் தாங்கலைங்கறாங்க சார்”னு சொல்லிச் சிரிச்சுது. அது சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

அதோட சொந்தக் கம்பெனிக்கு மட்டும் அப்பாவைக் கேக்கவே இல்லை. அவங்க வருசம் ரெண்டு ஃபங்ஷன் இங்க வைப்பாங்க. ரெண்டுக்கும் வயலின்தான். அங்க ஒரு ரூல் இருக்குதாம், வேலை செய்யறவங்க சொந்தக்காரங்களுக்கு வேலை குடுத்தா எழுதித் தரணும், மேல அனுமதி கேட்டு வாங்கணும். “எதுக்கு சார் வம்பு”ன்னு சொல்லிரும்.

போன வருசம் அந்தக் கம்பெனிக்கு அம்பதாவது வருசம். அதுக்கு எம்.டி.யே இடத்தைப் பார்க்க வந்தாரு. வெங்கிடபதின்னு பேரு. அளந்து அளந்து பேசற மனுசன். முற்றத்துல ஒரு சுத்துச் சுத்திட்டு, “ஏனுங்க, போன மாசம் ஒரு பேங்கு ஃபங்ஷனுக்கு இங்க வந்திருந்தேன். ஒருத்தர் கிளாரினெட் வாசிச்சாரே. அவரு கெடைப்பாருங்களா?”ன்னாரு. கெடைப்பாருங்கன்னேன். “அவரையே சொல்லிருங்க”ன்னாரு. அவ்வளவுதான், காருல ஏறிப் போயிட்டாரு. நானும் அவரும் மட்டும்தான் அப்ப நின்னுட்டிருந்தோம்.

சவரிமுத்துக்குப் போன் போட்டேன். “எம்.டி.யே வாயால கேட்டாருங்ணா”ன்னேன். எப்பவும் சொல்ற மாதிரிதான் சொன்னேன், ஆனா இந்தத் தடவை நெசம். அவருக்கு ரொம்பச் சந்தோசம். எம்புள்ள வேலை செய்யற கம்பெனியாச்சேன்னாரு.

அரை மணி நேரத்துல ஜெசிந்தா கூப்பிட்டுச்சு. “ஏன் சார் இப்படிப் பண்ணினீங்க? எங்க கம்பெனிக்கு வேண்டாம்னு சொல்லியிருக்கேன்ல?” அப்படீன்னுச்சு.

“நான் பண்ணலை அம்மணி, உங்க எம்.டி. கேட்டாரு”ன்னேன்.

“எங்கிட்டயுமா சார் அதைச் சொல்றீங்க?”ன்னுச்சு.

நெசம்தான்னு நான் திருப்பிச் சொல்றதுக்குள்ள அது வேற பேச்சுக்குப் போயிருச்சு. அப்பாவே ஒரு யோசனை சொன்னாராம். உன் கம்பெனியில உனக்கு ஒரு இடைஞ்சல் வரக் கூடாது, அங்க நான் உன்னைத் தெரியாத மாதிரி இருந்துக்கறேன், நீயும் என்னைத் தெரியாத மாதிரி இரு, வேலை செய்யற எடம்னா அப்படித்தான் இருக்கணும்னாராம். “நீங்களும் ஒண்ணும் சொல்லிராதீங்க சார்”னுச்சு. சரின்னேன். சரின்னுதான் சொன்னேன், இல்லைங்கல.

அன்னைக்குச் சனிக்கிழமை. பகல் சாப்பாடு. வாசல்ல மேசை போட்டு, வர்றவங்களுக்கு பேட்ஜு குத்தி விடற வேலை ஜெசிந்தாவுக்கு. சவரிமுத்து பெட்டியோட உள்ள வந்தாரு. மேசைகிட்ட நின்னு, “வணக்கம் மேடம், மியூசிக்”ன்னாரு. அந்தப் பொண்ணு தலை நிமிர்ந்து பார்த்து, “வாங்க சார், அந்தப் பக்கம்”னுச்சு. நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். அப்பன் மவளை மேடம்ங்கறான், மவ அப்பனை சார்ங்கறா.  கேக்கற உங்களுக்கே எப்படி இருக்குது?

பன்னெண்டரைக்கு எல்லாரும் ஜூஸ் தம்ளரோட நின்னு பேசிட்டிருந்தாங்க. இருநூறு பேருக்கு மேல. சவரிமுத்து வாசிச்சுட்டே இருந்தாரு. ஒரு பாட்டு நடுவுல எம்.டி. பேசறதை நிறுத்திட்டு அந்தத் தூணுகிட்டப் போயி நின்னாரு. அவரு நின்னதும் கூட இருந்த நாலு பேரு நின்னாங்க. அப்புறம் அப்படியே ஒவ்வொருத்தரா. கொஞ்ச நேரத்துல முற்றமே கம்முனு ஆயிருச்சு. இங்க ஃபங்ஷன்ல அந்த மாதிரி நான் பார்த்ததில்லீங்க. சத்தம் கூடிருச்சோன்னு நான் கையைத் தூக்கப் போனேன், அப்புறம்தான் தெரிஞ்சுது, கூடலை, மத்தவங்க பேசறதை நிறுத்திட்டாங்கன்னு.

பாட்டு முடிஞ்சுது. எம்.டி. என் பக்கம் திரும்பி, “யாருங்க இவரு? எங்கிருந்து புடிச்சீங்க?”ன்னாரு.

சாப்பாடு தயார்னு சொல்றதுக்காக மைக்கு எங்கையிலதான் இருந்துச்சு. எனக்கு என்ன தோணுச்சோ. இந்த மனுசனுக்கு ஒரு பெருமை வரட்டும்னு தோணுச்சு. அந்தப் பொண்ணைப் பத்தி எம்.டி.க்கு ஒரு நல்ல எண்ணம் வரட்டுமேன்னு தோணுச்சு. அந்தக் கம்பெனியோட அடுத்த மூணு வருசத்து ஃபங்ஷனை மொத்தமா நமக்கே குடுக்கறதா அப்ப ஒரு பேச்சு நடந்துட்டிருந்துச்சு, அதுவும் ஓரமா மனசுல இருந்திருக்கும், நான் மறைக்கலை. ஆனா நல்ல எண்ணத்துலதான் சொன்னேன்.

“ஐயா, இவரு வேற யாருமில்லீங்க. நம்ம அட்மின் ஜெசிந்தா மேடத்தோட அப்பாதானுங்க. மேடம்தான் இவரை எங்களுக்குச் சொன்னாங்க. இந்த ரெண்டு வருசமா இங்க எத்தனையோ கம்பெனிக்கு இவரு வாசிச்சாரு, எல்லாம் மேடம் ஒவ்வொருத்தருக்கா எடுத்துச் சொன்னதுதானுங்க. இப்படி ஒரு பொண்ணு கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணுமுங்க.”

மைக்குல சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. நல்லாத்தான் தட்டினாங்க. பின்னால யாரோ, “நல்ல ஏற்பாடாத்தான் இருக்குது”ன்னு சிரிச்சது மட்டும் காதுல விழுந்துச்சு. ஜெசிந்தா வாசல் மேசைகிட்ட நின்னுட்டிருந்துச்சு. கையில பேட்ஜு.

நான் சவரிமுத்தைப் பார்த்தேன். அவரு என்னைப் பார்க்கலை. மவளைப் பார்த்துட்டிருந்தாரு. கோவமில்லை. ஒரு கணக்குக்கு விடை வேற மாதிரி வந்துருச்சுன்னா அதை மறுபடி மேலருந்து பார்ப்போமில்லீங்களா, அந்த மாதிரிப் பார்த்துட்டிருந்தாரு.

எம்.டி. அவருகிட்ட, “அதே பாட்டை இன்னொருக்கா வாசிக்க முடியுங்களா?”ன்னு கேட்டாரு. சவரிமுத்து ஸ்டூலை விட்டு எந்திரிச்சாரு. குதிங்காலைச் சேர்த்து, நேரா நின்னு, முழுசா வாசிச்சாரு. ஒரு எடத்துலகூடப் பிசகலைன்னு எம்.டி. அப்புறம் சொன்னாரு. முடிச்சுட்டு, கிளாரினெட்டை அஞ்சு துண்டாக் கழட்டி, ஒவ்வொண்ணாத் தொடச்சுப் பெட்டியில வச்சாரு. சாப்பிட்டுட்டுப் போலாமுங்ணான்னு நான் கூப்பிட்டேன். கேக்காத மாதிரி நடந்துட்டாரு.

வாசல்ல அந்தப் பொண்ணு, “அப்பா”ன்னு கூப்பிட்டுச்சு. எல்லாரு முன்னாலயும். அவரு நின்னாரு. “டூட்டியில இருக்கற. டூட்டியைப் பாரு”ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

அன்னைக்கு அவரு என் ரூமுக்கு வரலை. என்ன சொன்னாங்கன்னு கேக்கலை.

பத்து நாள் கழிச்சு அந்தக் கம்பெனி எச்.ஆர்.லருந்து ஒரு கடுதாசி வந்துச்சு. ரெண்டே ரெண்டு கேள்வி. இந்தக் கலைஞரை உங்களுக்குச் சிபாரிசு செய்தது எங்கள் ஊழியர் ஜெசிந்தாவா? ஆம் என்றால் எப்போதிலிருந்து? நான் பதில் எழுதினேன். ஆம், ரெண்டு வருடமாக. கையெழுத்துப் போட்டு, மியூசியம் சீலு வச்சுக் குடுத்தேன். உண்மைதானுங்களே, நான் ஒண்ணும் இட்டுக் கட்டலை.

ஜெசிந்தாவுக்கு வேலை போகலீங்க. அது ஒரு புண்ணியம். அன்னூருக்கு அந்தாண்டை இருக்கற ஃபேக்டரி ஸ்டோர்ஸுக்கு மாத்திட்டாங்க. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். நட்டு போல்ட்டு எண்ணிக் குடுக்கற வேலை. அந்த குரூப்புல இருந்தவங்களும் கொஞ்சம் ஒதுங்கிட்டாங்கன்னு கேள்வி. நம்மகிட்ட ஏன் சொல்லலை, நம்மளை வச்சு அப்பாவுக்கு வேலை புடிச்சுக்குச்சேன்னு.

எம்.டி.கிட்டப் போயி ஒரு வார்த்தை பேசலாம்னு எனக்கும் தோணுச்சு. தோணாம இல்லை. ஆனா அந்த மூணு வருசப் பேப்பர் அப்பத்தான் கையெழுத்துக்குப் போயிருந்துச்சு. அந்த நேரம் பார்த்து நாம போயி அவங்க ஆபீஸ் விவகாரத்துல தலையிட்டா மியூசியத்துக்குக் கெட்ட பேரு. டைரக்டர் அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது? எம்.டி.யும் அந்த மாசம் ஊர்ல இல்லை. அப்படியே தள்ளிப் போயிருச்சுங்க.

சவரிமுத்து போனை எடுக்கறதில்லை. நாலு மாசம் பார்த்தேன். டிசம்பர் வந்துருச்சு, ஃபங்ஷன் மேல ஃபங்ஷன், வயலின்காரங்க ரெண்டு பேரும் வேற ஊருக்குப் போயிட்டாங்க. எனக்கு ஆளு வேணும். ஒரு ஞாயித்துக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துட்டு ஒண்டிப்புதூருக்கு அவரு வீட்டுக்கே போனேன். மாதா கோயிலுக்குப் போயிட்டு அப்பத்தான் வந்திருப்பாரு போல. சலவைச் சட்டையில இருந்தாரு. வாங்க சார்ன்னாரு. முகம் மாறலை. அவரே உள்ள போயி டீ போட்டுக் கொண்டு வந்து குடுத்தாரு. ஜெசிந்தா உள்ரூம்ல இருந்துச்சு, வெளிய வரலை.

“வாசிக்கறீங்களாண்ணா?”ன்னேன்.

“கோயில்ல வாசிக்கறேன் சார். அங்க யாரும் கூப்பிட வேண்டியதில்லை.”

நான் ஃபங்ஷன் விசயத்தை எடுத்தேன். அவரு கையைத் தூக்கி நிறுத்தினாரு. நான் அவருக்குக் காட்டுவேனில்லீங்களா, அந்த மாதிரியேதான்.

“ஒண்ணு கேக்கறேன் சார். பன்னெண்டு ஃபங்ஷன் வாசிச்சேன். அதுல ஏதாவது ஒண்ணுக்கு, எம்புள்ள சொல்லாம, அவங்களாக் கேட்டு என்னைக் கூப்பிட்டாங்களா?”

“கூப்பிட்டாங்ணா. கடைசி ஃபங்ஷனுக்கு. எம்.டி.யே வந்து, இந்த வாயால உங்களைத்தான் கேட்டாரு. போன மாசம் பேங்கு ஃபங்ஷன்ல கேட்டேன், அவரையே சொல்லுங்கன்னாரு. சாமி சத்தியமா.”

அவரு என்னைப் பார்த்தாரு. அப்புறம் சின்னப் புள்ளைங்க பொய் சொன்னா நாம சிரிப்போமே, வலிக்காம, அந்த மாதிரி ஒரு சிரிப்புச் சிரிச்சு, “டீ ஆறுது சார், குடிங்க”ன்னாரு.

நான் என்னுங்க பண்றது? இருக்கறதைச் சொன்னேன். நம்பலை. அதுக்கு மேல என்ன இருக்குது. டீயைக் குடிச்சுட்டுக் கெளம்பினேன்.

வாசல் கேட்டுகிட்ட வந்து ஸ்கூட்டரை எடுக்கறப்ப ஜெசிந்தா பின்னாலயே வந்துச்சு. எளைச்சுப் போயிருந்துச்சு, பஸ்ஸு அலைச்சல். “சார், நீங்க உள்ள சொன்னது”ன்னு இழுத்துச்சு. “அன்னைக்குப் போன்லயும் அதைத்தான் சொன்னீங்க. நெசமாவே எம்.டி. கேட்டாரா?”

“நெசம்தான் அம்மணி. உங்கிட்ட நான் எதுக்குப் பொய் சொல்லணும்?”

அது அந்த கேட்டோட கம்பியைப் புடிச்சுக்கிட்டுது. அப்புறம் கேட்டுச்சு, “அப்ப, அந்தக் கடுதாசியில அதை ஏன் சார் எழுதலை?”

“அதை அவங்க கேக்கலையே அம்மணி”ன்னேன்.

அது கேட்டைச் சாத்திக் கொண்டியைப் போட்டுட்டு உள்ள போயிருச்சு.  வர்ற வழியெல்லாம் யோசிச்சுப் பார்த்தேன். இப்பவும் யோசிச்சுப் பார்க்கறேன். ரெண்டு கேள்விதானுங்க கேட்டிருந்தாங்க. ரெண்டுக்கும் சரியாத்தான் எழுதினேன். எம்.டி. கேட்டாரா இல்லையான்னு அவங்க கேக்கலைங்களே மேடம்.